புகையும் இல்லை, தேர்ச்சியும் இல்லை: பழைய காரும் ‘லாம்டா’ என்னும் எண்ணும்

புலம்பெயர்ந்து பிரித்தானியாவில் வாழும் எம்மவரிற் பலருக்குக் கார் என்பது ஆடம்பரப் பொருள் அன்று. அதிகாலை ஐந்து மணிக்குப் பெற்றோல் நிலையத்தைத் திறக்கச் செல்பவருக்கும், பேருந்து அருகிய வேளையில் முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடித்துத் திரும்பும் பெண்ணுக்கும் அதுவே பிழைப்பின் கால்கள். அத்தகைய குடும்பங்களின் வாசலில் நிற்பது பெரும்பாலும் பதினைந்து, இருபது வயதைக் கடந்த கார். ஆண்டுக்கொருமுறை அதற்கு வரும் பரீட்சையே எம்.ஓ.ரி. சோதனை. விளக்கும் ரயரும் பிறேக்கும் தேறிய பின்னர், ஒரே ஒரு வரியில் அது தவறிவிடுவதுண்டு: ‘லாம்டா அளவு எல்லைக்கு மேல்.’

கார் வைத்திருப்பவர் திகைக்கிறார். வண்டியிற் கரும்புகை இல்லை; பெற்றோல் மணமும் இல்லை; சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் இயங்குகிறது. பின் எதற்காகத் தேறவில்லை? கராஜிற் கேட்டால் அநேகமாக இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கிறது. “ஊக்கி பழுதாகிவிட்டது, புதியது போடவேண்டும்” என்பது ஒன்று. “ஒட்சிசன் சென்சரை மாற்றிப் பார்ப்போம்” என்பது மற்றையது. முதலாவதற்குப் பல நூறு பவுண் போகலாம். இரண்டாவதற்கும் கூலியுடன் நூறு பவுணைத் தாண்டக்கூடும். மாற்றிய பின்னும் அதே எண் வந்தால், காரை உடைக்கக் கொடுத்துவிடும்படி ஆலோசனை வரும்.

இக்கட்டுரை சொல்ல விரும்புவது ஒன்றே. லாம்டா என்பது ஓர் அளவு; அது எந்த உறுப்பின் பெயரும் அன்று. வெப்பமானி நூற்றிரண்டு காட்டினால் காய்ச்சல் உண்டென்று அறிகிறோம்; காரணம் மலேரியாவா, நிமோனியாவா என்று வெப்பமானி சொல்வதில்லை. காரணத்தைக் கேட்காமல் மருந்துக்குப் பணம் கொடுப்பவர் எவருமில்லை. காருக்கு மட்டும் நாம் ஏன் அவ்வாறு கொடுக்கவேண்டும்?

தாளில் உள்ள எண்கள்

எம்.ஓ.ரி. என்பது அக்காலத்துப் போக்குவரத்து அமைச்சினது ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 1960இல் இச்சோதனை தொடங்கியபோது பத்தாண்டு கடந்த வாகனங்களின் பிறேக், விளக்கு, ஸ்ரியறிங் ஆகியவற்றையே பார்த்தார்கள். 1967இல் மூன்று வயதுக் காருக்கும் அது விரிந்தது. வெளியேறும் வாயுவை அளக்கும் பகுதி 1991இற் சேர்க்கப்பட்டது. 1993 முதல் புதிய பெற்றோல் கார்கள் ஊக்கியுடன் வரவேண்டியிருந்தமையால், அவற்றுக்கெனக் கடுமையான எல்லைகள் பின்னர் வகுக்கப்பட்டன.

2002 யூலை 1ஆம் திகதிக்குப் பின் முதன்முதல் ஓடத் தொடங்கிய பெற்றோல் காருக்கு இன்றுள்ள பொது எல்லைகள் இவை. சூடேறிய எஞ்சினை நிமிடத்திற்கு 2500 முதல் 3000 சுற்று வரை ஓடவிட்டு அளக்கும்போது, காபனோரொட்சைட்டு 0.2 சதவீதத்தை மீறலாகாது. எரியாத பெற்றோலாகிய ஐதரோகாபன் பத்து இலட்சத்தில் 200 பங்கை மீறலாகாது. லாம்டா 0.97க்கும் 1.03க்கும் இடையில் இருக்கவேண்டும். பின்னர் எஞ்சின் தன்பாட்டில் மெதுவாக ஓடும்போது காபனோரொட்சைட்டு 0.3 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். சில ரகங்களுக்கு உற்பத்தியாளரே தந்த தனி எல்லைகளும் உண்டு.

தேறாமைத் தாளில் ஒரு வரி மட்டுமே இருக்கலாம். ஆயினும் வாயுவை அளக்கும் கருவி தனியாக ஒரு துண்டுச் சீட்டை அச்சிடும். அதிலேதான் இவ்வெண்கள் அனைத்தும் இருக்கும். அதைக் கேட்டு வாங்குவது முதற் கடமை. பிள்ளை சித்தியடையவில்லை என்று அறிந்தால் மட்டும் போதுமா? எந்தப் பாடத்தில் எத்தனை புள்ளி என்று பார்த்தாலன்றோ அடுத்த முயற்சியைத் திட்டமிடலாம்!

இங்கே எம்மவரிடையே நிலவும் ஒரு மயக்கத்தையும் நீக்கவேண்டும். இலண்டனின் ‘யூலெஸ்’ எனப்படும் வெளியேற்றக் கட்டண வலயம் 2023 ஓகஸ்ற் 29ஆம் திகதி முதல் மாநகரின் எல்லாப் பகுதிகளையும் உள்ளடக்கியுள்ளது. யூரோ 4 தரத்தை எட்டிய பெற்றோல் காருக்கு நாளாந்தக் கட்டணமான 12.50 பவுண் இல்லை. 2006க்குப் பின் வந்த பெற்றோல் கார்கள் பெரும்பாலும் இத்தரத்தின. “யூலெஸ் கட்டணம் இல்லையே, பிறகு எப்படி வாயுச் சோதனையிற் தவறியது?” என்று சிலர் கேட்கிறார்கள். யூலெஸ் பார்ப்பது அந்தக் கார் எந்தத் தரத்திற் செய்யப்பட்டது என்பதை, எம்.ஓ.ரி. பார்ப்பது இன்று அது எப்படி மூச்சு விடுகிறது என்பதை. ஒன்று பிறப்புச் சான்றிதழ், மற்றையது வைத்தியப் பரிசோதனை.

ஐதான கலவை என்றால் என்ன?

நான் கலைப் பட்டதாரி. இரசாயனம் கற்பித்தவன் அல்லன். எனினும் இதை விளங்கிக்கொள்ள இரசாயனப் பட்டம் தேவையில்லை. ஒரு கிலோ பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோ வளி வேண்டும். அந்த அளவுக்குச் சரியாக வளி சென்றால் லாம்டா 1 என்பர். 1.05 என்றால் தேவைக்கு மேல் ஐந்து சதவீத வளி இருக்கிறது. இதனை ஐதான கலவை என்கிறோம், மெக்கானிக்குகள் ‘லீன்’ என்பார்கள். 0.95 என்றால் வளி குறைந்து பெற்றோல் மிகுந்துவிட்டது. அது செறிந்த கலவை.

செறிந்த கலவை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது நன்கு தெரியும். சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய மொறிஸ் மைனர்களும் ஏ-40 கார்களும் விட்ட புகையையும் மணத்தையும் மறந்தவர் எவர்? அன்று கண்ணும் மூக்கும் காதுமே எமது சோதனைக் கருவிகள். ஐதான கலவையோ அவ்வாறன்று. அதற்குப் புகை இல்லை, மணம் இல்லை. குளிர்ந்த எஞ்சின் காலையிற் சற்றுத் தடுமாறும். மேட்டில் ஏறும்போது இழுவை குறையும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது சுற்று ஏறி இறங்கும். அவ்வளவே. சில வேளைகளில் இவை எதுவுமே தெரியாது.

தெரியாததால் தீங்கில்லை என்று கொள்ளலாகாது. சற்று ஐதான கலவை நைதரசன் ஒட்சைட்டுகளை மிகுதியாக வெளிவிடும். எம்.ஓ.ரி. சோதனை பெற்றோல் காரில் அவற்றை நேரடியாக அளப்பதில்லை. லாம்டா எல்லையே அதற்கான காவலாக நிற்கிறது. கலவை மேலும் ஐதானால் தீப்பொறி பற்றாமல் எரிதல் தவறும். எரியாத பெற்றோல் ஊக்கிக்குட் சென்று அங்கே எரிந்து, நல்ல ஊக்கியையும் உருக்கிக் கெடுக்கும். இன்று பத்துப் பவுண் றப்பர்க் குழாயாக இருக்கும் குறை, நாளை பல நூறு பவுண் செலவாக மாறும் வழி இதுதான்.

ஊக்கியை மாற்றினால் தேறுமா?

கேள்விக்கு நேரான விடை: காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் எல்லைக்குள் இருந்து, லாம்டா மட்டும் உயர்ந்திருந்தால், ஊக்கியை மாற்றுவதால் அது இறங்காது.

காரணம் எளிது. ஊக்கியின் வேலை வாயுக்களை ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றுவது. நஞ்சாகிய காபனோரொட்சைட்டை எரித்துக் காபனீரொட்சைட்டாக்குகிறது. எரியாத பெற்றோலை எரிக்கிறது. நைதரசன் ஒட்சைட்டிலிருந்து ஒட்சிசனைப் பிரிக்கிறது. சோதனைக் கருவியோ வெளிவரும் வாயுக்கள் அனைத்தையும் அளந்து, எஞ்சினுக்குள் எவ்வளவு வளியும் எவ்வளவு பெற்றோலும் சென்றிருக்கவேண்டும் என்று திருப்பிக் கணக்கிடுகிறது. வீட்டில் ஒரு பெட்டியில் இருந்த பணத்தை மற்றொரு பெட்டிக்கு மாற்றினால் மொத்தத் தொகை மாறுவதில்லை அல்லவா? ஊக்கி செய்வதும் அத்தகைய மாற்றமே. நல்ல ஊக்கியாயினும் கெட்ட ஊக்கியாயினும் லாம்டா ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும்.

ஆகவே, காபனோரொட்சைட்டு 0.03, ஐதரோகாபன் 40, லாம்டா 1.06 என்று ஒரு சீட்டுச் சொன்னால், அது ஊக்கிக்கு எதிரான சாட்சியம் அன்று. ஊக்கி தன் கடமையைச் செய்கிறது என்பதற்கான நற்சான்று. மாறாக, லாம்டா 1.00 என்று நின்று காபனோரொட்சைட்டு 0.6 என்று வந்தால், அப்போது ஊக்கியைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தாலே பல குடும்பங்களின் பணம் மிஞ்சும்.

இரண்டு கார்கள், ஒரே எண்

எனக்கு அறிமுகமான இருவரின் கார்களை இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஒருவர் முதியோர் பராமரிப்புப் பணி செய்யும் தாய்; அவரது கார் 2004ஆம் ஆண்டினது. மற்றவர் பலசரக்குக் கடை நடத்துபவர். அவரது கார் 2006ஆம் ஆண்டினது. இரண்டும் லாம்டா 1.06 என்ற எண்ணாற் தவறின. இருவருக்கும் வெவ்வேறு கராஜ்களில் ஊக்கியை மாற்றும்படியே கூறப்பட்டது. இருவரும் பின்னர் எம்மூரைச் சேர்ந்த ஓர் இளம் மெக்கானிக்கிடம் காரைக் காட்டினர்.

அவர் எந்த உறுப்பையும் கழற்றவில்லை. ஸ்ரியறிங்கின் கீழுள்ள துளையில் ஒரு சிறு கருவியைச் செருகி எஞ்சின் கணினியோடு பேசினார். 2001 முதல் ஐரோப்பாவில் விற்பனையான புதிய பெற்றோல் கார்களில் இந்த வசதி உண்டு. அவர் தேடியது ‘எரிபொருள் திருத்தம்’ என்னும் எண்ணை. முன் ஒட்சிசன் சென்சர் “வளி கூடிவிட்டது” என்று அறிவித்தால், கணினி பெற்றோலைக் கூட்டுகிறது. “பெற்றோல் கூடிவிட்டது” என்றால் குறைக்கிறது. எவ்வளவு கூட்டியது, எவ்வளவு குறைத்தது என்பதையே இவ்வெண் காட்டும். பூச்சியத்தை ஒட்டி, மேலும் கீழும் ஐந்துக்குள் இருந்தால் நலம். பத்தைத் தாண்டினால் எங்கோ குறை உண்டு. இருபத்தைந்தை அண்மித்தால், பல கார்களில் கணினி தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

அந்தத் தாயின் காரில் நிற்கும்போதும் 2500 சுற்றிலும் திருத்தம் இருபத்தைந்திலேயே நின்றது. எஞ்சின் மஞ்சள் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. தெருவில் ஓட்டி, பாரம் ஏறும்போது பார்த்தால் எட்டுக்கு இறங்கியது. “மாஸ்ரர், கொம்பியூட்டர் தன்னால ஏலுமான மட்டும் பெற்றோலைக் கூட்டிப்போட்டு, இனி ஏலாது எண்டு கையை விரிச்சிட்டுது” என்றார் அவர். எண் பாரத்தில் இறங்கியதே அவருக்கு வழிகாட்டியது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் உறிஞ்சும் விசை அதிகம். ஒரு வெடிப்பு இருந்தால் அதனூடாக, அளவிடப்படாத வளி களவாக நுழையும். பாரத்தில் அந்த உறிஞ்சல் குறைகிறது. நேர்வழியாக வரும் வளியோ பெருகுகிறது. எனவே களவு வளியின் பங்கு சிறுத்துவிடும். வளிக்குழாய்த் தொகுதிக்குள் மெல்லிய புகையைச் செலுத்திப் பார்த்தார். எஞ்சினின் அடியிலிருந்து மூச்சுவிடும் குழாய் ஒன்று மனிபோல்ட்டின் கீழே செல்கிறது. எண்ணெயில் ஊறிப் பிசுபிசுத்த அந்த றப்பர், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் வெடித்திருந்தது. புகை அங்கிருந்து நூலாக எழுந்தது. குழாய் மாற்றப்பட்டது, லாம்டா 1.00.

கடைக்காரரின் கார் வேறு கதை சொன்னது. அதன் திருத்தம் இரண்டு மட்டுமே. எஞ்சின் சீராக ஓடியது, விளக்கும் இல்லை. அப்படியாயின், முன் சென்சரும் கணினியும் கலவை சரி என்கின்றன. வாலிற் செருகிய சோதனைக் கருவியோ வளி மிகுதி என்கிறது. இரண்டில் எது பொய்? எதுவுமே பொய் இல்லை. இரண்டும் வெவ்வேறு இடத்தில் நின்று பார்க்கின்றன. இரண்டுக்கும் இடையில் இருப்பது துருப்பிடித்த நீண்ட குழாய். எஞ்சினிலிருந்து வாயு ஓர் ஆறு போல் ஒழுகுவதில்லை. இதயத் துடிப்புப் போல் விட்டு விட்டு வருகிறது. இரு துடிப்புகளுக்கிடையே அழுத்தம் தாழும் கணத்தில், குழாயில் ஓட்டை இருந்தால் வெளி வளி உள்ளே இழுபடும். பின் சைலன்சருக்கு முன்னுள்ள பொருத்தில் அவ்வாறான ஒரு பொட்டு இருந்தது. பொருத்து அடைக்கப்பட்டதும் எண் எல்லைக்குள் வந்தது. எஞ்சினில் ஒரு குறையும் இருக்கவில்லை.

ஒரே எண், ஒரே ஆலோசனை, ஆனால் இருவேறு நோய்கள். இரண்டிலும் ஊக்கி குற்றமற்றது.

தேடும் ஒழுங்கு

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் ஒழுங்கு தெளிவாகிறது. செலவு குறைந்ததை முதலிலும் கூடியதை இறுதியிலும் வைப்பதே அதன் அடிப்படை.

முதலாவது, கணினியில் பதிந்துள்ளதை வாசித்து எழுதிக்கொள்ளுங்கள். வாசிக்கும் முன் பற்றரியைக் கழற்றவோ குறியீட்டை அழிக்கவோ விடாதீர்கள். அழித்தால் சாட்சியமும் அழியும். ‘பி0171’ என்னும் குறியீடு அடிக்கடி வரும். கலவை அளவுக்கு மீறி ஐதானது என்பதே அதன் பொருள்; அதுவும் ஓர் உறுப்பின் பெயர் அன்று. சாதாரண வாசிப்புக் கருவியைச் சில பத்துப் பவுணுக்கு வாங்கலாம்; நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வைத்திருக்கலாம்.

இரண்டாவது, வெளியேற்றக் குழாயின் கசிவு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் ‘டிக், டிக்’ என்னும் ஒலி கேட்டு, சூடேற மறைந்தால் முன்பக்கப் பொருத்திற் கசிவு இருக்கலாம். முன் சென்சருக்கு முன்னால் கசிவு இருந்தால், இழுபடும் வளியைக் கண்டு சென்சர் ஏமாறும். கணினி வீணாகப் பெற்றோலைக் கூட்டும். சென்சருக்குப் பின்னால் கசிந்தால் கடைக்காரரின் காருக்கு நேர்ந்ததே நேரும். மெக்கானிக் சவர்க்கார நீரைத் தெளித்துக் குமிழியைப் பார்ப்பார்.

மூன்றாவது, திருத்த எண் நிற்கும்போது உயர்ந்து, பாரத்தில் தாழ்ந்தால், களவு வளியைத் தேடவேண்டும்: றப்பர்க் குழாய்கள், மனிபோல்ட் கஸ்கற், பிறேக் உதவிக்குச் செல்லும் குழாய், எண்ணெய் மூடி, எண்ணெய் அளவுகோலின் வளையம். புகைச் சோதனையே பாதுகாப்பானது. எரியக்கூடிய திரவத்தைச் சூடான எஞ்சின்மேல் தெளித்துப் பார்க்கும் பழக்கம் தீ விபத்தில் முடியலாம்.

நான்காவது, எண் நிற்கும்போது நலமாக இருந்து, வேகத்திலும் பாரத்திலும் உயர்ந்தால் பெற்றோல் போதவில்லை, அல்லது வளியளவி குறைத்துச் சொல்கிறது. வளியளவியைக் கொண்ட கார்களில், தூசி படிந்த அக்கருவியை அதற்கெனவுள்ள தெளிப்பானாற் கழுவுவது சிறு செலவு. அதற்குப் பின்னரே பெற்றோல் வடி, பம்பின் அழுத்தம், இன்ஜெக்டர்கள் என்று போகவேண்டும்.

ஐந்தாவது, ஐதரோகாபனும் சேர்ந்து உயர்ந்திருந்தால் தீப்பொறியைப் பாருங்கள். பழைய ஸ்பார்க் பிளக், வெடித்த இக்னிஷன் கொயில் ஆகியவற்றால் எரிதல் தவறும்போது, பயன்படாத ஒட்சிசன் வெளியே வரும். சென்சர் அதைக் கண்டு ‘ஐதான கலவை’ என்று அறிவிக்கும்.

ஆறாவதாகவே ஒட்சிசன் சென்சர். அது முதுமையடைந்து மந்தமாவது உண்மை. ஆயினும் கசிவு இல்லை என்று உறுதியான பின்னரே அதன்மேற் குற்றம் சுமத்தவேண்டும். கெட்ட செய்தி கொண்டுவந்தான் என்பதற்காகத் தூதுவனைத் தண்டிப்பது அரசியலிலும் தவறு, கராஜிலும் தவறு.

இன்னுமொன்று. 2021 செப்ரெம்பர் முதல் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றிற் சாதாரண பெற்றோலில் எதனோல் பத்துச் சதவீதம் வரை கலக்கப்படுகிறது. எதனோலுக்குள்ளேயே ஒட்சிசன் இருப்பதால், அதே அளவு வளிக்குச் சற்றுக் கூடுதலான எரிபொருள் தேவை. நலமான கார் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஏற்கெனவே தன் எல்லையிற் தள்ளாடும் காருக்கோ அது மேலும் ஒரு சுமை. பெற்றோலைப் பழிப்பதிற் பயனில்லை. முதற் குறையைக் கண்டுபிடிப்பதே வழி.

வீட்டிற் சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை இயக்காதீர்கள், காபனோரொட்சைட்டு மணமின்றிக் கொல்லும். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே படுக்காதீர்கள்.

விதிகளும் செலவும்

காருக்கான எம்.ஓ.ரி. கட்டணத்தின் உச்ச எல்லை 54.85 பவுண். தவறிய காரைத் திருத்துவதற்காக அதே நிலையத்தில் விட்டு, பத்து வேலை நாட்களுக்குள் மீள்சோதனை செய்தால் மேலதிகக் கட்டணம் இல்லை. வெளியே கொண்டுசென்று திருத்தி, பத்து வேலை நாட்களுக்குள் அதே நிலையத்துக்குக் கொண்டுவந்தால், பகுதி மீள்சோதனைக்குப் பாதிக் கட்டணம் வரை கேட்கலாம். ஆகவே “இங்கேயே திருத்தினால்தான் உண்டு” என்ற நிர்ப்பந்தம் எவருக்கும் இல்லை. இன்னொருவரின் கருத்தைக் கேட்கும் உரிமை உங்களுடையது.

சான்றிதழ் முடியும் நாளுக்கு ஒரு மாதத்துக்கு முன், சரியாகச் சொன்னால் ஒரு மாதத்தில் ஒரு நாள் குறைவாக, சோதனை செய்தாலும் அடுத்த ஆண்டின் திகதி மாறாது. கடைசி நாள் வரை காத்திருப்பவருக்குப் பேரம் பேச நேரம் இராது. முன்கூட்டிச் செல்பவருக்கு உண்டு. 2018 மே மாதத்திலிருந்து குறைகள் ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என வகுக்கப்படுகின்றன. பழைய சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகி, ஆபத்தான குறை எதுவும் இல்லையெனின் காரை எடுத்துச் செல்லலாம். 2003 யூலைக்குப் பின் வந்த பெற்றோல் காரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிவதே தேறாமைக்குப் போதிய காரணம் என்பதும் அதே 2018 மாற்றத்தின் ஒரு பகுதி.

காரின் பதிவிலக்கத்தைக் கொண்டு அதன் பழைய சோதனை முடிவுகளை அரசின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பழைய கார் வாங்க எண்ணுபவர் பணம் கொடுக்கும் முன் இதனைப் பார்ப்பது அவசியம். மூன்று ஆண்டுகளாக ‘வெளியேற்றக் குழாயில் சிறு கசிவு’ என்று அறிவுரை எழுதப்பட்டிருந்தால், நான்காம் ஆண்டில் லாம்டாவிற் தவறுவதில் வியப்பில்லை.

“தெரிந்த இடம் ஒன்று உண்டு, கூடக் காசு கொடுத்தால் சான்றிதழ் வரும்” என்று சொல்பவர்களும் எம்மிடையே உளர். அது மோசடி. சட்டம் ஒருபுறம் இருக்க, கார் அவ்வாறு தேறினாலும் களவு வளி நின்றுவிடாது. அடுத்த குளிர்காலத்தில், இரவுப் பணி முடிந்த வேளையில், தெருவோரத்தில் எஞ்சின் நின்றுவிடும்.

கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

ஆங்கிலம் சரளமாக வராத காரணத்தால் எம்மவரிற் பலர் கராஜிற் கேள்வி கேட்கக் கூசுகிறார்கள். கேட்டால் அவமதித்ததாகிவிடுமோ என்றும் அஞ்சுகிறார்கள். நேர்மையான தொழிலாளிக்குக் கேள்வி அவமதிப்பு அன்று; தன் வேலையை மதிப்பவர் விளக்குவதில் மகிழ்வார். மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுசெல்லுங்கள். பிள்ளைகளைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

ஒன்று: “வாயுச் சீட்டில் காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன், லாம்டா ஆகிய மூன்றும் எவ்வளவு?”

இரண்டு: “எரிபொருள் திருத்தம் நிற்கும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு?”

மூன்று: “இந்த உறுப்புத்தான் பழுது என்று எந்தச் சோதனை காட்டியது?”

மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்தால், வேலையைத் தொடங்கச் சொல்லலாம். “மாற்றிப் பார்ப்போம்” என்பது விடையாக வந்தால், பார்ப்பது அவர், பணம் கொடுப்பது நீங்கள் என்பதை நினைவில் வைத்து, நன்றி கூறிச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். திருத்தம் முடிந்ததும் இரண்டு சீட்டுகளையும், தவறியதையும் தேறியதையும், ஒன்றாக இணைத்துக் காரின் கோவையில் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு லாம்டா 1.02 என்று தேறினாலும், கடந்த முறை 1.00 ஆக இருந்ததை அச்சீட்டுச் சொல்லும். எங்கோ ஒரு றப்பர்க் குழாய் மெல்ல வெடிக்கத் தொடங்கியுள்ளது என்பதை, அது பத்துப் பவுண் வேலையாக இருக்கும்போதே அறிந்துகொள்ளலாம்.